இல்லாத தீர்ப்பும் இருக்கும் கடமையும்

நீதிபதிகளுக்கும் வழக்குரைஞர்களுக்கும் செயற்கை நுண்ணறிவைப் பொறுப்போடு கையாளக் கற்றுக்கொடுப்பது யார் கடமை, கற்காமல் தவறிழைத்தவரின் குற்றம் எவ்வளவு ஆகிய இரு கேள்விகளும் இந்தியாவில் கூர்மையாக எழுந்த இடங்களில் பெங்களூரு ஒன்று. அந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஆவணம் ஒன்றில் இவற்றுக்குப் பாதி விடை முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

2001 பிப்ரவரியில், பல நாட்டு மூத்த நீதிபதிகள் அடங்கிய குழு பெங்களூரில் கூடி, நீதிபதிகளின் நடத்தைக்கான வரைவு ஒன்றை ஏற்றுக்கொண்டது. குழுவின் தலைவர் இலங்கையைச் சேர்ந்த சி.ஜி. வீரமந்திரி, பன்னாட்டு நீதிமன்றத்தின் துணைத் தலைவராக இருந்தவர். 2002 நவம்பரில் ஹேக் நகரில் திருத்தம் பெற்ற அந்த வரைவே ‘பெங்களூரு நீதித்துறை நடத்தை நெறிகள்’. தன்னுரிமை, நடுநிலை, நேர்மை, நடத்தை ஒழுங்கு, சமத்துவம், திறமையும் முனைப்பும் என ஆறு விழுமியங்களை அது வகுக்கிறது. ஆறாவதன் கீழ் வரும் விதி ஒன்று, நீதிபதி தம் பணிக்கு வேண்டிய அறிவையும் திறனையும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதற்கான பயிற்சி நீதித்துறையின் கட்டுப்பாட்டில் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. கற்கும் கடமை நீதிபதிக்கு, கற்பிக்கும் கடமை அமைப்புக்கு. சாட்ஜிபிடி வெளிவருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இவை இரண்டும் ஒரே விதிக்குள் சேர்த்து வைக்கப்பட்டன.

பெங்களூரில் நடந்தவை

2024 டிசம்பர் இறுதியில், வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு ஓர் அறக்கட்டளை தொடர்பான வழக்கில் உத்தரவு பிறப்பித்தது. உச்ச நீதிமன்றத்தின் பெயராலும் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயராலும் அதில் காட்டப்பட்டிருந்த முன்தீர்ப்புகளில் சில எந்தச் சட்ட இதழிலும் இல்லாதவை. விஷயம் வெளிப்பட்டதும் உத்தரவு திரும்பப் பெறப்பட்டு, வழக்கு மறு விசாரணைக்குப் போனது.

மூன்று மாதம் கழித்து, 2025 மார்ச்சில், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன் இன்னொன்று வந்தது. பெங்களூரு நகர உரிமையியல் நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஒரு வழக்கை விசாரிக்கத் தம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா, அது வணிக நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதா என்ற கேள்வியில் உத்தரவு எழுதியிருந்தார். அதற்கு அவர் ஆதாரமாகக் காட்டிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டும், உச்ச நீதிமன்றமோ வேறு நீதிமன்றமோ ஒருபோதும் வழங்காதவை. எதிர்த்தரப்பு மூத்த வழக்குரைஞர் இதைச் சுட்டிக்காட்டினார். நீதிபதி ஆர். தேவதாஸ் கீழமை நீதிமன்ற உத்தரவை ரத்து செய்ததோடு, அந்த நீதிபதி மீது மேல்நடவடிக்கைக்காக விஷயத்தைத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பினார்.

இரண்டிலும் செயற்கை நுண்ணறிவின் கைவரிசை இருக்கலாம் என்ற பேச்சு சட்ட வட்டாரத்தில் பரவலாக எழுந்தது. அப்படி இல்லாவிட்டாலும் அறக் கேள்வி மாறாது. சரிபார்க்கப்படாத ஒன்று, அரசமைப்பின் முத்திரையோடு ஒருவரின் சொத்தையும் உரிமையையும் தீர்மானிக்கப் போய்விட்டது.

பொய் பிறக்கும் விதம்

‘ஏஐஆர் 1973 எஸ்சி 1461’ என்பது கேசவானந்த பாரதி வழக்கின் மேற்கோள். ஏஐஆர் என்பது இதழின் பெயர், 1973 ஆண்டு, எஸ்சி என்பது உச்ச நீதிமன்றம், 1461 அந்தத் தீர்ப்பு தொடங்கும் பக்கம். பழைய நூலகத்தில் ஜூனியர் வக்கீல் ஒருவர் தடித்த தொகுதியை இறக்கி, தூசி தட்டி, அந்தப் பக்கத்தைத் திறந்தால் வழக்கு அங்கே இருக்கும். மேற்கோள் என்பது ஒரு முகவரி.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளை இயக்கும் மொழி மாதிரிக்கு அது முகவரியாகத் தெரிவதில்லை. லட்சக்கணக்கான தீர்ப்புரைகளைப் படித்ததில், ஒரு நிறுவனத்தின் பெயருக்குப் பின் ‘எதிர்’ வரும், அதன் பின் இன்னொரு பெயர் வரும், பிறகு ஆண்டும் எண்ணும் வரும் என்ற ஓட்டத்தை அது பழகியிருக்கிறது. கேட்டவுடன் அந்த ஓட்டத்தில் பொருந்தும் சொற்களை அடுக்குகிறது. அடுக்கியது அலமாரியில் உண்டா என்று அது போய்ப் பார்ப்பதில்லை. தேடுபொறியோடு இணைக்கப்பட்ட கருவிகளில் இந்தப் பிழை குறைகிறதே தவிர ஒழிவதில்லை.

நியூயார்க்கில் 2023 ஜூனில் முடிந்த மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கு இதற்கு உலகறிந்த சான்று. இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்குரைஞர்கள், அவை உண்மையா என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார்கள். உண்மைதான் என்று பதில் வந்தது. நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். கருவியைப் பயன்படுத்தியது தவறில்லை, தாக்கல் செய்வது சரியானதுதானா என்று பார்க்கும் வாயில்காவலர் பொறுப்பைக் கைவிட்டதுதான் தவறு என்பது அவர் வாதத்தின் சாரம்.

குற்றம் யாருடையது

இங்கே இரு வாதங்கள் மோதுகின்றன. முதலாவது, குற்றம் முழுவதும் கையொப்பமிட்டவருடையது என்பது. முன்தீர்ப்பைப் படித்துப் பார்த்த பின்பே மேற்கோள் காட்ட வேண்டும் என்பது கணினிக்கு முந்தைய பாடம். அதை எந்தப் பயிற்சி வகுப்பும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 2023 தொடக்கத்தில் இ-எஸ்சிஆர் தளத்தைத் திறந்து, தன் தீர்ப்புகளைக் கட்டணமின்றித் தேடிப் படிக்க வழி செய்தது. அதே ஆண்டில் தீர்ப்புகளுக்குத் தனியார் இதழ்களைச் சாராத பொது மேற்கோள் எண் கொடுக்கும் முறையும் வந்தது. இரண்டு நிமிட வேலையைச் செய்யாமல், எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பது எடுபடாது.

இரண்டாவது வாதம் அமைப்பை நோக்கி விரல் நீட்டுகிறது. யுனெஸ்கோ 96 நாடுகளில் நீதித்துறையினரிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், 44 விழுக்காட்டினர் பணிக்காகச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தியதாகச் சொன்னார்கள். தங்கள் நிறுவனத்திலிருந்து வழிகாட்டுதலோ பயிற்சியோ கிடைத்ததாகச் சொன்னவர்கள் 9 விழுக்காடுதான். இந்திய நீதிமன்றங்களில் 5 கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987இல் சொன்னது. அந்த எண்ணிக்கையை நாடு இன்னும் எட்டவில்லை. பகலெல்லாம் சாட்சி விசாரித்து, இரவில் வீட்டில் உத்தரவு எழுதும் விசாரணை நீதிபதியின் கையில், எதைக் கேட்டாலும் நொடியில் நல்ல ஆங்கிலத்தில் பதில் தரும் செயலி இருக்கிறது. அதன் குறையை அவருக்கு யாரும் விளக்காமல், வழுக்கியபின் தண்டிப்பது மட்டும் நியாயமா?

இரண்டு வாதத்திலும் உண்மை உண்டு; ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. அமைப்பு பயிற்சி தரத் தவறியது கையொப்பமிட்டவரின் பழியைக் குறைக்கலாம், துடைக்காது. கையொப்பமிட்டவர் தண்டிக்கப்பட்டதால் அமைப்பின் கடன் தீர்ந்துவிடுவதும் இல்லை. லண்டனில் 2025 ஜூன் 6 அன்று, போலி மேற்கோள்கள் தொடர்பான இரு வழக்குகளைச் சேர்த்து விசாரித்த விக்டோரியா ஷார்ப் தலைமையிலான அமர்வு இப்படித்தான் எடை போட்டது. ஒரு வழக்கில் காட்டப்பட்ட 45 மேற்கோள்களில் 18 இல்லாத தீர்ப்புகள். சம்பந்தப்பட்ட வழக்குரைஞர்களைக் கடிந்துகொண்ட அமர்வு, வழிகாட்டுதல் வெளியிடுவது மட்டும் போதாது, வழக்குரைஞர் அலுவலகங்களின் தலைவர்கள் நடைமுறையில் பலன் தரும் ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும் என்றும் சொன்னது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் பொற்கொல்லனின் சொல்லைச் சோதிக்காமல் ஏற்றுக் கோவலனைக் கொல்வித்தான். சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்த்திருந்தால் அப்போதே தெளிந்திருக்கும். உண்மை தெரிந்தபோது அவன் பொற்கொல்லன் ஏமாற்றினான் என்று சொல்லித் தப்பவில்லை. கள்வன் தானே என்று ஏற்றான். சரிபார்க்கும் வழி எளிதாக இருந்தும் பார்க்காமல் விட்டவனுக்கு, தகவல் தந்தவன்மேல் பழிபோடும் உரிமை இல்லை.

தடையா, பயிற்சியா

குழப்பமே வேண்டாம், நீதிமன்றத்தில் இந்தக் கருவிகளை அடியோடு தடுத்துவிடலாம் என்போர் உண்டு. அது நடவாது. செயலி கைபேசியில் இருக்கிறது. தடை அதை மறைவுக்குத் தள்ளும், மறைவில் நடப்பதை யாரும் திருத்த முடியாது. மேலும், நீதித்துறையே இதன் பயனாளி. உச்ச நீதிமன்றம் 2019இல் ‘சுவாஸ்’ என்ற மொழிபெயர்ப்புக் கருவியை அறிமுகப்படுத்தியது. 2023 முதல் அரசியல் சாசன அமர்வின் வாதங்கள் இயந்திர உதவியோடு எழுத்தாக்கப்படுகின்றன. கன்னடத்தில் தன் வழக்கின் தீர்ப்பைப் படிக்க விரும்பும் விவசாயிக்கு இதனால் கிடைக்கும் நன்மையை ஒதுக்கித் தள்ள முடியாது.

இந்திய நீதிபதிகளிடமே இரண்டு போக்குகளைக் காணலாம். 2023 மார்ச்சில் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றத்தில் ஒரு ஜாமீன் மனுவின்போது சாட்ஜிபிடியிடம் கேள்வி கேட்கப்பட்டது. பரந்த பார்வைக்காக மட்டுமே கேட்டதாகவும், வழக்கின் தகுதி பற்றிய கருத்தல்ல என்றும் உத்தரவிலேயே பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம், வழக்குரைஞர் ஒருவர் தாக்கல் செய்த சாட்ஜிபிடி பதிலை ஏற்காமல், இத்தகைய கருவி தீர்ப்புக்கு அடிப்படையாக இருக்க முடியாது என்றது.

தெளிவான எல்லைக்கோட்டை முதலில் வரைந்தது கேரள உயர் நீதிமன்றம். 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்காக அது வெளியிட்ட கொள்கை, முடிவுக்கு வருவதற்கோ நிவாரணம் வழங்குவதற்கோ தீர்ப்பு எழுதுவதற்கோ இந்தக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அனுமதிக்கப்பட்ட கருவிகளை மட்டும் கையாள வேண்டும். ஒவ்வொரு பயன்பாட்டையும் பதிவு செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பைத் தகுதியுள்ளவர் சரிபார்க்க வேண்டும். நீதிபதிகளும் ஊழியர்களும் பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும். தடையும் பயிற்சியும் ஒரே கொள்கையில் இருப்பது கவனிக்கத்தக்கது. எல்லை எங்கே என்று தெரிய வேண்டுமானால் கருவி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

எதைக் கற்பிப்பது

முதற்பாடம் சரிபார்த்தல். மேற்கோள் ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள் உண்டு. இந்தத் தீர்ப்பு இருக்கிறதா? சொல்லப்பட்டதைத்தான் அது சொல்கிறதா? சொன்னது வழக்கை முடித்த காரணமா, போகிற போக்கில் வந்த கருத்தா? பிற்காலத்தில் மாற்றப்படாமல் இன்றும் செல்லுபடியாகிறதா? செய்திகளில் அடிபடுவது முதல் கேள்வியில் தோற்றவை. இரண்டாவதில் தோற்பவையே அதிக ஆபத்தானவை. தீர்ப்பு உண்மையாக இருப்பதால் எதிர்த்தரப்பும் அமைதியாகிவிடுகிறது.

இரண்டாவது, ரகசியம் காத்தல். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்ற பாதுகாப்பு பாரதிய சாட்சிய அதிநியத்தின் 132ஆம் பிரிவில் இருக்கிறது. விவாகரத்து மனுவின் வரைவையோ பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் வாக்குமூலத்தையோ பொதுச் செயலியில் ஒட்டிச் சுருக்கம் கேட்பவர், அதை வேறொரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிவிடுகிறார். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு சொன்ன வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். பெங்களூருப் பயிற்சி வகுப்பில் இந்தப் பாடத்தைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

மூன்றாவது, மொழி. மேல்முறையீட்டு அனுமதி வழங்கப்பட்டது என்பதற்கு உச்ச நீதிமன்ற உத்தரவுகளில் வழங்கும் தொடர் ‘லீவ் கிராண்டட்’. ஒரு மொழிபெயர்ப்புக் கருவி இதை இந்தியில் ‘விடுமுறை அளிக்கப்பட்டது’ என்று ஆக்கியதை நீதிபதி பி.ஆர். கவாய் சுட்டிக்காட்டியிருக்கிறார். பெங்களூரு நீதிமன்றங்களில் சாட்சிக் கூண்டில் ஏறுபவர் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எதிலும் பேசலாம். ஒரே வாக்கியத்தில் இரண்டைக் கலந்தும் பேசலாம். அல்சூர் தமிழர் ஒருவர் ‘மாடு’ என்றால் கால்நடை. கன்னடத்தில் அதே ஒலிக்கு ‘செய்’ என்று பொருள். பேச்சை எழுத்தாக்கும் கருவி எந்த மொழியை எடுத்துக்கொள்கிறதோ அதைப் பொறுத்து வாக்குமூலம் திசைமாறும். சாட்சியிடம் வாசித்துக் காட்டி ஒப்புதல் பெறும் பழைய வழக்கம் இங்கே புதிய மதிப்புப் பெறுகிறது.

நான்காவது, சாய்வு. அமெரிக்காவின் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 2016இல் லூமிஸ் வழக்கில், குற்றவாளி மீண்டும் தவறு செய்யும் வாய்ப்பைக் கணிக்கும் மென்பொருளை எச்சரிக்கைகளோடு அனுமதித்தது. மென்பொருளின் உள்கணக்கு வணிக ரகசியம் என்பதால், தண்டனை பெற்றவரால் அதைக் கேள்வி கேட்க முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிகள் சட்டத்தை ஆராய உதவும் கருவிகளை உயர் ஆபத்து வகையில் வைத்திருக்கிறது. சாதி, மதம், வட்டாரம் எல்லாம் பெயரிலேயே தெரிந்துவிடும் இந்தியாவில், பழைய ஆவணங்களில் கற்ற கருவி பழைய ஓரவஞ்சனையையும் சேர்த்தே கற்றிருக்கும்.

பயிற்சிக்கு எதிரான ஐயங்கள்

பயிற்சி கொடுத்தால் அதுவே அனுமதிச் சீட்டாகிவிடாதா என்பது நியாயமான அச்சம். இரண்டு நாள் வகுப்பில் அமர்ந்து சான்றிதழ் பெற்றவர் முன்னைவிடத் துணிச்சலோடு கருவியை நம்பலாம். கருவியை எப்படி இயக்குவது என்று மட்டும் சொல்லித்தரும் வகுப்பில் இந்த ஆபத்து நிச்சயம். கருவி எழுதிய உத்தரவு ஒன்றைக் கையில் கொடுத்து, அதில் ஒளிந்திருக்கும் பொய்யான மேற்கோளையும் திரிந்த உண்மையையும் கண்டுபிடிக்கச் சொல்லும் வகுப்பு சந்தேகத்தைப் பழக்கும். திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் ஆளை நம்புமுன் ஆராயச் சொல்வது. இன்று கருவிக்கும் அது பொருந்தும்.

யார் கற்பிப்பது என்பது அடுத்த ஐயம். மென்பொருள் நிறுவனங்களுக்குப் பெயர்போன பெங்களூரில் இலவசப் பயிற்சி தர முன்வருவோருக்குப் பஞ்சமிருக்காது. விற்பவரே கற்பிக்கும்போது பொருளின் குறை பாடத்தில் இடம்பெறாது. நாளை அந்த நிறுவனமே வழக்கின் ஒரு தரப்பாகவும் வரலாம். பயிற்சி நீதித்துறையின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற பெங்களூரு நெறியின் சொல் இங்கே முழுப் பொருள் பெறுகிறது. கர்நாடக நீதித்துறை அகாடமி, நாகர்பாவியில் உள்ள தேசியச் சட்டப் பள்ளி போன்ற பொது நிறுவனங்கள் பாடத்தை வகுத்து, பொறியாளர்களை விளக்கம் தர அழைக்கலாம். கடிவாளம் நீதித்துறையிடமே இருக்க வேண்டும்.

வழக்குரைஞர் விஷயம் இன்னும் சிக்கல். கீழமை நீதிபதியை அகாடமிக்கு அனுப்பும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. வழக்குரைஞரோ, 1961ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டத்தின்கீழ் பதிவு செய்தபின், ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர். பெரிய சட்ட நிறுவனம் கட்டணக் கருவியையும் அதைச் சரிபார்க்க நான்கு ஜூனியர்களையும் வைத்துக்கொள்ளும். தனியாகத் தொழில் நடத்தும் தாலுகா வக்கீலிடம் இலவசச் செயலி மட்டும் இருக்கும். பிழை அதிகம் வரும் கருவி, பிழையைப் பிடிக்க ஆளில்லாத இடத்துக்கே போய்ச் சேர்கிறது. பார் கவுன்சில்கள் கட்டணமில்லாத பயிற்சியைக் கன்னடத்திலும் தமிழிலும் தாலுகா வரை கொண்டுபோகாவிட்டால், ஒழுங்கு நடவடிக்கைகள் சிறிய வக்கீல்களையே தேடிப்பிடிக்கும்.

எடை போட்டால்

தீர்ப்புரை என்பது தோற்றவருக்கு நீதிமன்றம் தரும் பதில். வென்றவருக்குக் காரணம் தேவைப்படுவதில்லை. தோற்றவருக்குத்தான் தன் வாதம் ஏன் ஏற்கப்படவில்லை என்று தெரிய வேண்டும். அந்தக் காரணத்தை ஒரு மனிதர் யோசித்து எழுதினார், கேட்டால் விளக்கக் கூடியவர் என்ற நம்பிக்கையே அதை ஏற்க வைக்கிறது. எழுத்துப்பிழை திருத்தவும், ஆவணங்களை வரிசைப்படுத்தவும், மொழிபெயர்ப்பின் முதல் வரைவுக்கும் கருவியின் உதவியைப் பெறலாம். காரணம் காண்பதை ஒப்படைக்க முடியாது. ஒப்படைத்ததை மறைப்பது அதைவிடப் பெரிய தவறு.

ஆகவே தண்டனையும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. சரிபார்க்காமல் கையொப்பமிட்டவர் பதில் சொல்ல வேண்டும். சரிபார்க்கக் கற்பிக்காத அமைப்பும் அதே கூண்டில் நின்று பதில் சொல்ல வேண்டும்.

2025 மார்ச்சில் பெங்களூரில் அந்தப் பொய்யான தீர்ப்புகள் பிடிபட்டதற்குக் காரணம், அவற்றைத் தேடிப் பார்த்து இல்லை என்று சொல்ல ஒரு தரப்பிடம் மூத்த வழக்குரைஞர் இருந்ததுதான். கோலாரிலோ மண்டியாவிலோ தேடிப் பார்க்க ஆளில்லாத கட்சிக்காரர், இல்லாத தீர்ப்பால் தோற்றதே தெரியாமல் வீடு திரும்பியிருப்பார்.